‘அவசரம் இல்லை’ என்று சொன்ன அட்டை

என் தங்கை ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை வயதில் வந்த மூளைக்காய்ச்சலை ஜெயித்தாள். அதில் வலது காது முழுவதும் போயிற்று, இடது காதில் பாதி மிஞ்சியது. "இந்தப் பிள்ளை இங்கே சரிப்பட்டு வராது" என்று திருப்பி அனுப்பிய இரண்டு பள்ளிக்கூடங்களை ஜெயித்தாள். மூன்றாவது பள்ளியில் முதல் பெஞ்சின் வலது ஓரத்தில், நல்ல காது வகுப்பைப் பார்த்திருக்கும்படி உட்கார்ந்து, பன்னிரண்டாம் வகுப்பை முடித்தாள். நான் எட்டோடு நின்றவன். எங்கள் வீட்டின் முதல் பன்னிரண்டு அவள்தான். தட்டச்சில் இரண்டு தேர்வையும் ஒரே தடவையில் தேறினாள். பஸ் டிப்போவில் அட்டை எழுதும் வேலைக்கு அறுபத்தொரு பேர் விண்ணப்பம் போட்டார்கள். முதல் சுற்று தொலைபேசியில் பேசுவது. அவளால் அது முடியாது. நேரில் போய் மேலாளர் அறை வாசலில் மூன்று நாள் நின்றாள், வேலையோடு திரும்பினாள். பெண் பார்க்க வந்து, காதைக் காரணம் காட்டி ஏழு மாதம் இழுத்தடித்த ஒரு குடும்பத்தை அவளே வேண்டாம் என்றாள். இதையும் நான் வெற்றியில்தான் சேர்க்கிறேன். அம்மா சேர்க்கமாட்டாள்.

கடைசியாக இன்னொன்று. அதைத் தன் கையாலேயே தோற்கப் பார்த்தாள். அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

நானும் அதே டிப்போவில்தான் இருபத்திரண்டு வருடமாக பஸ் ஓட்டுகிறேன். எங்கள் வேலையில் மதியம் ஒன்றரை மணிக்கு ஆள் மாறும். காலையில் ஓட்டியவர் பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போவார், மதியத்துக்காரர் ஏறுவார். நடுவில் இருபத்தைந்து நிமிடம். அந்த இருபத்தைந்து நிமிடத்தில்தான் மெக்கானிக்குகள் பஸ்ஸைப் பார்க்கவேண்டும். எதைப் பார்ப்பது என்று அவர்களுக்குச் சொல்வது பழுது அட்டை. அதில் நாற்பத்திரண்டு கட்டங்கள். இறங்கும் டிரைவர் அத்தனையையும் நிரப்பவேண்டும். நிரப்பிய அட்டைகளை என் தங்கை வாங்கி, வரிசைப்படுத்தி, மெக்கானிக்குகளின் தலைவரான மேஸ்திரியிடம் கொடுக்கவேண்டும்.

யாரும் நிரப்பியதில்லை. பத்தில் எட்டு அட்டையில் மேலிருந்து கீழே ஒரு கோடு, ஓரத்தில் "குறை இல்லை" என்று இரண்டு சொல். நானும் அப்படித்தான் எழுதினேன், மறைப்பானேன். அவள் விடமாட்டாள். அட்டையை நீட்டிக்கொண்டு கேட் வரைக்கும் டிரைவர்கள் பின்னாலேயே நடப்பாள். "பழுது அட்டை வேணாம், இந்த அட்டைதான் ரத்தத்த உறிஞ்சுது" என்று யாரோ ஒருவர் சொல்ல, அன்று முதல் அவளுக்கு டிப்போவில் 'அட்டை' என்றே பேர் விழுந்துவிட்டது. அவள் முகத்துக்கு நேராகச் சொன்னாலும் கோபித்துக்கொள்வதில்லை. முதுகுக்குப் பின்னால் சொன்னால் அவளுக்குக் கேட்காது. ஆகவே எல்லோரும் நேராகவே சொன்னார்கள்.

ஒன்பது வருடம் இப்படிப் போனது. பிறகு ஒரு நாள் அவள் பின்னால் நடப்பதை நிறுத்தினாள். கேட் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, மணிக்கட்டில் கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, வெறுமனே பார்க்க ஆரம்பித்தாள். பதினோரு நாள் பார்த்தாள். டிரைவர் கை பிரேக் இழுப்பதிலிருந்து கேட்டைத் தாண்டுவது வரை நான்கு நிமிடம். ஒன்று நாற்பதுக்கு எதிர்ப்பக்கம் வரும் வண்டியை விட்டால் வீட்டுக்குப் போக அடுத்தது இரண்டேகாலுக்குத்தான். அட்டையை ஒழுங்காக நிரப்ப ஒன்பது நிமிடம். இதுவரைக்கும் யார் பார்த்திருந்தாலும் கண்டுபிடித்திருப்பார்கள்.

அவள் கண்டுபிடித்த இன்னொன்றை வேறு யாரும் கண்டிருக்க முடியாது. அவள் உதட்டைப் படிப்பவள். தண்ணீர்க் குழாய் பக்கத்தில் இறங்குகிறவரும் ஏறுகிறவரும் ஒரு நிமிடம் எதிரெதிரே நிற்பார்கள். அங்கே, முகம் கழுவிக்கொண்டே, அட்டையில் எழுதாத அத்தனையையும் சொல்லிவிடுகிறார்கள். கிளட்ச் கடிக்கிறது, இடது கதவு சாத்தினால் திரும்பத் திறக்கிறது, மூன்றாவது கியரில் ஒரு மாதிரி முனகுகிறது. முற்றத்தின் இந்தக் கோடியில் உட்கார்ந்து அந்தக் கோடியில் நடந்த பேச்சை அவள் ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். பதினோரு நாளில் இருநூற்றுப் பதினாறு பழுதுகள். அதே நாட்களின் அட்டைகளில் இருந்தவை முப்பத்தொன்று.

அவர்களுக்கு எழுதத்தான் மனசில்லை, சொல்வதற்கு இல்லை என்று அன்றைக்கு வீட்டில் சொன்னாள். நடந்துகொண்டே சொல்கிறவர்களுக்குப் பக்கத்தில் நடந்துகொண்டே கேட்கிற ஒன்று வேண்டும். தன்னால் அது முடியாது, அதனால் ஒரு மெஷின் வேண்டும் என்றாள்.

எங்கள் அலுவலகக் கணினிகளைப் பார்க்க ஒருவர் செவ்வாய்தோறும் வருவார். சின்ன வயது, பெரிய பை. அவருக்குச் செயற்கை நுண்ணறிவு தெரியும் என்று பேசிக்கொண்டார்கள். தங்கை ஒரு பழைய அட்டையின் பின்பக்கத்தில் படம் போட்டு அவரிடம் நீட்டினாள். ஒரு கைபேசி, அதில் ஒரே ஒரு பொத்தான். அழுத்தினால் கேட்கவேண்டும், விட்டால் நிறுத்தவேண்டும், கேட்டதைச் சுருக்கி அட்டையாக எழுதவேண்டும். அவருக்கு ஆசை அதிகம். டிரைவர் படம் வரட்டும், கடவுச்சொல் இருக்கட்டும், மாதாந்தர வண்ண வரைபடம், நட்சத்திரம் போட்டு மதிப்பீடு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார். அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி கேட்டு அடித்தாள்: இது யாருக்கு வேண்டும்? கடைசியில் அவர் அலுத்துப்போய், "அக்கா, நான் விமானம் செஞ்சு தரேன்னு சொல்றேன், நீங்க டார்ச் லைட் கேக்கறீங்க" என்றார்.

"ஆமா தம்பி. எரிஞ்சா போதும்" என்றாள்.

எரிந்தது. ஜூன் மூன்றாம் தேதி ஆரம்பித்தார்கள். ஜூலை முடியும்போது வெறும் அட்டைகள் பத்தில் எட்டிலிருந்து பத்தில் ஒன்றாகக் குறைந்தன. மேலாளர் அந்தக் கணக்கைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டினார். டிரைவர்களுக்கு அது பெரிய வேடிக்கை. நாங்கள் கொச்சையாகப் பேசியதெல்லாம் அட்டையில் சலவை செய்த சட்டை மாதிரி வந்தது. கண்ணாடிக்காரர் என்று நாங்கள் கூப்பிடும் டிரைவர் ஒருவர் தன் அட்டையை மடித்து வீட்டுக்கு எடுத்துப் போனார். தனக்கு இவ்வளவு மரியாதையாகப் பேச வரும் என்று மனைவிக்குக் காட்ட வேண்டுமாம்.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் மேஸ்திரி அவள் ஜன்னலுக்கு வந்தார். தங்கையிடம் பேசும்போது நேராக நின்று, வாயை மறைக்காமல், அவசரப்படாமல் பேசுகிறவர் அவர் ஒருவர்தான். பதினான்கு அட்டைகளைச் சீட்டுக்கட்டு போல ஜன்னல் பலகையில் பரப்பினார். பஸ் நம்பர்களைக் கட்டை விரலால் மறைத்துக் காட்டினார். பதினான்கிலும் ஏறக்குறைய ஒரே வரி: "வாகனத்தின் பின்பகுதியில் அசாதாரணமான சத்தம் உணரப்பட்டது."

"கடகடன்னா ஒண்ணும்மா. கறகறன்னா வேற. கீச்சுன்னா பெல்ட், புஸ்ஸுன்னா காத்து. எனக்கு சத்தத்த குடு. இது சத்தம் செத்துப்போச்சுன்னு எழுதின கடுதாசி."

அன்று அவள் சாப்பிடவில்லை. தட்டை முன்னால் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொன்னால் படித்துக்கொள்ளலாம் என்பதுபோல உதட்டையே பார்த்தாள். பிறகு அவளே கேட்டாள்.

"அண்ணா, சின்ன வயசுல நீங்க எல்லாரும் உக்காந்து சிரிப்பீங்க. என்னன்னு நான் கேப்பேன். நீ என்ன சொல்லுவ, ஞாபகம் இருக்கா?"

இருந்தது.

"ஒண்ணுமில்ல விடு. அதானே சொல்லுவ? நான் செஞ்ச மெஷின் மேஸ்திரிக்கு அதைத்தான் சொல்லிட்டு இருக்கு."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, என்ன பேச்சு என்று என்னிடம் கேட்டாள். என் வாய் வழக்கம்போல "ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிவிட்டது. தங்கை அதையும் பார்த்தாள்.

மறுநாளிலிருந்து மேஸ்திரியும் அவளும் ஒரு பட்டியல் போட்டார்கள். எந்தச் சத்தம், எப்போது வரும், எதனால் நிற்கும், எங்கே பார்க்கவேண்டும். எழுபத்து நான்கு சத்தங்கள். பாதி அவள் வாழ்க்கையில் கேட்டிராதவை. மேஸ்திரி வாயால் செய்து காட்ட, அவள் தன் கையை அவர் தொழிற்பெஞ்சின் மேல் வைத்து, அவர் சுத்தியலால் தட்டும் அதிர்வை உணர்ந்துகொண்டு எழுதினாள். பட்டியல் முடிந்ததும், டிரைவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே அட்டையில் போடும்படி மெஷினை மாற்ற மேலாளரிடம் போனாள்.

மேலாளர் கெட்டவர் அல்ல. ஆனால் செப்டம்பர் பதினேழாம் தேதி தலைமை அலுவலகத்திலிருந்து மெஷினைப் பார்க்க வருகிறார்கள். அவர்கள் சரி என்றால் மற்ற டிப்போக்களுக்கும் போகும், இல்லை என்றால் பழைய நாற்பத்திரண்டு கட்டம்தான். இவ்வளவு சுத்தமாக எழுதுகிற ஒன்றைக் கெடுத்து, கடகட, கறகற என்று பெரியவர்களிடம் காட்டுவதா? ஓடுகிற குதிரைக்கு லாடம் மாற்றாதே என்றார். கணினிக்காரர்தான் இரக்கப்பட்டு ஒரு குறுக்கு வழி செய்தார். டிரைவர் பேசியது அப்படியே இரண்டாம் பக்கத்தில் பதிவாகும். மெக்கானிக்குகளுக்கு அது தெரியாது. அவள் கணினியில் மட்டும் திறக்கும்.

பதினேழாம் தேதி வரைக்கும் இருந்த பதினெட்டு நாளும் அவளைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. மதியம் முப்பத்தெட்டு பஸ்கள் மாறும். இருபத்தைந்து நிமிடத்துக்குள் முப்பத்தெட்டு அட்டையின் இரண்டாம் பக்கத்தையும் அவள் படித்தாள். சந்தேகம் வந்தால் மேஸ்திரியிடம் ஓடினாள். நேரத்தை மிச்சம் பிடிக்கச் செய்த மெஷின், அவள் நேரத்தை உட்கார்ந்து தின்றது. வீட்டில் பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள். கழுத்து எலும்பு தெரிந்தது. நான் பஸ்ஸை எடுக்கும்போதெல்லாம் ஜன்னலில் இரண்டு கையையும் ஊன்றி, நான் கேட்டைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நிற்பாள். முதல் சில நாள் பாசம் என்றுதான் நினைத்தேன்.

ஒரு நாள் பொறுக்காமல் கேட்டேன். எதற்கு இந்தப் பயம், குறை இல்லை என்று எழுதியே இருபத்திரண்டு வருடம் ஓட்டிவிட்டேனே, ஏதாவது ஆயிற்றா என்று.

"அப்போ மேஸ்திரி அட்டைய நம்பலண்ணா. அதனால ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டிப் பாத்தாரு. இப்போ அட்டைய நம்பறாரு."

நான் அதற்குப் பிறகு முற்றத்தைக் கவனித்தேன். உண்மைதான். முன்பெல்லாம் மெக்கானிக்குகள் சுத்தியலோடு வரிசையாக வருவார்கள், டங் டங் என்று சக்கரம் சக்கரமாகத் தட்டிக்கொண்டு போவார்கள். இப்போது கையில் அச்சடித்த தாள். தாளில் நம்பர் வந்த பஸ்ஸுக்கு மட்டும் போனார்கள். மற்ற பஸ்கள் நின்றபடியே நின்று, நின்றபடியே கிளம்பின. பழையபடி தட்டச் சொன்னால் கேட்பார்களா என்று மேஸ்திரியிடமும் பேசிப் பார்த்தேன். ஆளைக் குறைத்துவிட்டார்கள், தாள் இருக்கும்போது எதற்கு ஆறு பேர் என்று மேலே கேட்கிறார்கள் என்றார்.

பதினேழாம் தேதி செவ்வாய்க்கிழமை. நான் ஒரு மணிக்கே போய்விட்டேன். தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். இரண்டு ஆண்கள், அவர்களுக்கு மேலதிகாரியாக ஒரு அம்மா. மேலாளர் அறையில் பெரிய திரை வைத்து, அட்டைகள் வர வர அதில் தெரியும்படி செய்திருந்தார்கள். மெஷினை ஓட்டிக் காட்டவேண்டியது தங்கை. இரண்டாம் பக்கத்தை இன்றைக்குத் திறக்கவே கூடாது என்று மேலாளர் காலையிலேயே சொல்லிவிட்டாராம். அதாவது முப்பத்தெட்டு பஸ்ஸுக்கும் அன்று காவல் இல்லை. அவள் என்னைத் தாண்டிப் படியேறும்போது முந்தானையைக் கையில் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னல் பக்கம் பார்க்கவே இல்லை.

அறைக்குள் நடந்ததைப் பின்னால் மேலாளரே எனக்குச் சொன்னார், அவருக்குப் பாதகமாக இருந்ததையும் விடாமல் சொன்னார். அட்டைகள் ஒவ்வொன்றாக வந்தன. வந்தவர்களுக்கு நல்ல திருப்தி. ஒன்று நாற்பத்தாறுக்கு, அன்று தாமதமாக வந்துசேர்ந்த அறுபத்து மூன்றாம் பஸ்ஸின் அட்டை வந்தது. அந்த அதிகாரி அம்மா அதை ரசித்து உரக்கப் படித்தாராம்: "மெதுவாகச் செல்லும்போது லேசான சத்தம். வேகமெடுத்தால் தானாகச் சரியாகிறது. பயணியின் பொருளாக இருக்கலாம். அவசரம் இல்லை." எவ்வளவு தெளிவு என்றாராம்.

தங்கைக்கு அது காதில் விழவில்லை, திரையில் படித்தாள். வேகமெடுத்தால் நின்றுபோகும் சத்தங்கள் அவர்கள் பட்டியலில் எழுபத்து நான்கில் இரண்டே இரண்டு. ஒன்று ஒன்றுமில்லாதது. இன்னொன்று மேஸ்திரி சிவப்பு மையால் அடிக்கோடிட்டது. எது என்று மெஷின் எழுதிய வரியை வைத்துச் சொல்ல முடியாது. அவள் மேலாளரைப் பார்த்தாள். அவர் தலையை மெல்ல இல்லை என்று அசைத்தார். அவள் திறந்தாள். பெரிய திரையில், மூன்று பேர் முன்னால், கண்ணாடிக்காரர் குழாயடிக்கு நடந்துகொண்டே பேசியது வந்தது. இரண்டு முறை படித்துவிட்டு, மேசையிலிருந்த சிவப்பு அட்டைக் கட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

சிவப்பு அட்டை என்பது பஸ்ஸை நிறுத்தும் அட்டை. அதில் பொறுப்பானவர் கையெழுத்து இருந்தால்தான் டிரைவர் இறங்கலாம், பயணிகளை இறக்கலாம். கையெழுத்துப் போட்டவர் காரணத்துக்குப் பதில் சொல்லவேண்டும். மேலாளர் போடுவார், அவர் போடாவிட்டால் எழுத்தர் எவரும் போடலாம் என்று விதியில் இருக்கிறது. அப்படி எந்த எழுத்தரும் போட்டு நான் பார்த்ததில்லை.

ஒன்று ஐம்பதுக்கு நான் அறுபத்து மூன்றில் உட்கார்ந்திருந்தேன். மெஷின் வந்த பிறகு குழாயடிப் பேச்சு குறைந்துவிட்டது, கண்ணாடிக்காரர் என்னிடம் எதுவும் சொல்லாமலே போயிருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. முப்பத்தொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள், இரண்டு பேர் நின்றிருந்தார்கள். கேட்டைத் தாண்டினால் மேம்பாலம், இறங்கினால் பெரிய சாலை. வேகமெடுக்கிற பாதை. தங்கை முற்றத்துக்குக் குறுக்கே ஓடி வந்து பஸ்ஸின் முன்னால் நின்றாள். பின்னாலேயே மேலாளர் வந்தார். அவருக்குப் பின்னால் அந்த மூன்று பேரும் படியில் நின்றார்கள்.

"எறங்குண்ணா. பஸ் போகக்கூடாது."

நான் விதிப்படி நடக்கிறவன். கையெழுத்து எங்கே என்றுதான் முதலில் கேட்டேன். என்ன சத்தம் என்று அதற்குப் பிறகுதான் கேட்டேன். அந்த வரிசையை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கம்.

மேலாளர் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். கத்தவில்லை, வந்தவர்கள் கேட்கிறார்கள் என்று குரலைத் தாழ்த்தினார். அவள் உதட்டைப் படிப்பாள் என்பதை மறந்து தாழ்த்தினார்.

"உன் மெஷினே அவசரம் இல்லைங்குது. அவங்க முன்னாடி அது பொய்யின்னு நீ சொல்லப்போறியா? அப்படீன்னா நீயே போடு. நாளையிலேருந்து பழைய அட்டைதான், தெரியுமில்ல?"

அவள் என் பக்கம் திரும்பி, கண்ணாடிக்காரர் சொன்னதை, ஒரு எழுத்துக் குறையாமல், சேர்க்காமல் சொன்னாள். "மெதுவா போறப்ப பின்னாடி இடப்பக்கம் லொடக் லொடக்குன்னுது. வேகமெடுத்தா நின்னுடுது. பாட்டில் எதுனா உருளுதோ என்னமோ, தெரியல. காலைல விட இப்ப ஜாஸ்தி."

காலையை விட இப்போது அதிகம். இடப்பக்கம். லொடக். மெஷின் இந்த மூன்றையும் விட்டுவிட்டு மீதியைச் சலவை செய்திருந்தது. பாட்டில் உருண்டால் காலையிலும் மதியமும் ஒரே மாதிரிதான் உருளும். நேரம் போகப் போகக் கூடுவது கழலுகிற சக்கரம். எஞ்சினை நிறுத்தினேன்.

ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. ஒன்பது வருடம் அட்டையோடு டிரைவர்கள் பின்னால் நடந்தவள், பதினோரு நாள் வெயிலில் உட்கார்ந்தவள். கையெழுத்துப் போட்டால் மெஷின் போச்சு. சக்கரத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் வேலையும் போகலாம். எனக்கு ஒரு வழி தோன்றியது. ஜன்னலில் குனிந்து, அவளுக்கு மட்டும் தெரியும்படி உதட்டை அசைத்தேன். "நீ போடாத. எனக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லி நான் எறங்கிக்கறேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வை கோபம் இல்லை. சின்ன வயதில், எல்லோரும் சிரித்து முடித்த பிறகு, என்னைப் பார்ப்பாளே, அது.

"அப்போ வேற டிரைவர் ஏறுவாருண்ணா" என்றாள்.

என் சட்டைப் பையிலிருந்த பேனாவை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். அவள் சிவப்பு அட்டையைப் பஸ்ஸின் முன்பக்கத் தகட்டில் வைத்தாள். தகடு சூடாக இருந்திருக்கும், கையைச் சட்டென்று எடுத்து மறுபடி வைத்தாள். காரணம் என்ற இடத்தில் 'லொடக் லொடக்' என்று எழுதினாள். பயணிகளில் ஒருவர் மணி கேட்டார். இன்னொருவர், பஸ் கிளம்புமா கிளம்பாதா, ஒரு வார்த்தை சொல்லித் தொலையுங்கள் என்றார். அவள் இரண்டையும் கேட்கவில்லை. கீழே தன் பேரை எழுதினாள்.

பயணிகளை வேறு பஸ்ஸுக்கு மாற்றினோம். மேஸ்திரி சுத்தியலோடு வந்து பின்பக்க இடது சக்கரத்தைத் தட்டினார். டங் என்று வரவேண்டியது டப் என்று வந்தது. பத்து நட்டுகளில் மூன்றை அவர் விரலாலேயே திருகி எடுத்தார். இரண்டு போல்ட்டுகளில் விரிசல். துளைகள் தேய்ந்து முட்டை வடிவமாக இருந்தன, சுற்றிலும் புதுசாகப் பளபளக்கும் இரும்புத் தூள். நட்டுகளில் ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் படியில் நின்றவர்களிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

அந்த அதிகாரி அம்மா தங்கையிடம் வந்து, அவள் காது விஷயம் யாரும் சொல்லாமலேயே புரிந்துகொண்டவர்போல நேராக நின்று கேட்டார், மெஷின் பொய் சொல்லிவிட்டதா என்று.

"பொய் சொல்லலைங்க. அவர் சொன்னத சுருக்கிடுச்சு. சுருக்கச் சொன்னது நான்தான்."

மேலாளர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா அந்த இடத்திலேயே எழுபத்து நான்கு சத்தங்களின் பட்டியலைக் கேட்டு வாங்கி, முற்றத்தில் நின்றபடியே கடைசி வரை படித்தார். மெஷினை நிறுத்தச் சொல்லவில்லை. மாற்றிவிட்டு மூன்று மாதம் கழித்துக் காட்டச் சொன்னார்.

இப்போது அட்டையின் முதல் வரி டிரைவர் வாயிலிருந்து வந்தது எதுவோ அதுவே. மெஷின் செய்வது ஒன்றுதான். எந்தப் பக்கம், எப்போது, கூடுகிறதா குறைகிறதா என்பதில் டிரைவர் சொல்லாமல் விட்டது இருந்தால், அவர் கேட்டைத் தாண்டுமுன் ஒரே ஒரு கேள்வி கேட்கும். அவசரமா இல்லையா என்ற கட்டத்தை மெஷின் தொடமுடியாது, மேஸ்திரிதான் நிரப்பவேண்டும். சுத்தியலும் திரும்பி வந்துவிட்டது. அட்டை வந்தாலும் வராவிட்டாலும் எல்லாச் சக்கரத்தையும் தட்டவேண்டும் என்பதை அவள் நிபந்தனையாகவே எழுதி வாங்கினாள். இன்னும் இரண்டு டிப்போக்களில் இதை வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்காரருக்கு மட்டும் வருத்தம், மரியாதையாகப் பேசிய காலம் போய்விட்டது என்று.

அவள் பயம் போயிற்றா என்றால், இல்லை. இன்றும் நான் பஸ்ஸை எடுக்கும்போது ஜன்னலில் இரண்டு கையும் ஊன்றி நிற்கிறாள். வீட்டில் நாங்கள் ஏதாவது பேசிச் சிரித்து, அவள் என்ன என்று கேட்டால், இப்போதெல்லாம் நான் முதலிலிருந்து சொல்கிறேன். சொல்லும்போது பாதி நகைச்சுவை போய்விடுகிறது. அவள் மீதிப் பாதிக்குச் சிரிக்கிறாள்.

அந்தச் சிவப்பு அட்டையைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஒன்பது வருடமாக டிப்போவின் ஒவ்வொரு தாளிலும் அவள் எழுத்து இருந்தது, எதிலும் அவள் பேர் இருந்ததில்லை. வருகைக்குக்கூட விரல் ரேகை மெஷின்தான். இதில் பொறுப்பு என்று அச்சடித்த இடத்துக்கு நேராக, சூட்டில் கொஞ்சம் பரவிய மையில், நடுங்கிய எழுத்தில் அவள் முழுப்பேர் இருக்கிறது. அதற்குக் கீழே அவளே எழுதிய தேதி: 2024 செப்டம்பர் 17, பிற்பகல் 1.52.